வியாழக்கிழமை ஷூ

இதை எழுதுகிறவன் ஜிப்பு அக்காவை முதன்முதலில் பார்த்தது ஒரு பேண்ட்டின் புண்ணியத்தில். வீட்டில் முதல் பட்டதாரி என்ற மிதப்போடு, முதல் வேலைக்குப் போட்டுப் போக வாங்கிய கருநீலப் பேண்ட். கால் ஒரு சாண் நீளம், இடுப்பு அதற்கு மேல் தாராளம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, சாவி செய்பவர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், ஒரு பீரோ அகலத்துக்கு இருந்தது அவள் தையல் கடை. வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுக்காமலே கேட்டாள்.

"டிகிரி எல்லாம் முடிச்சிருக்கே தம்பி, உன் இடுப்பு எவ்வளவுன்னு அதுல சொல்லித் தரலையா?"

பக்கத்துக் கடையிலிருந்து சாவிக்காரர் கெக்கெக்கே என்று சிரித்தார். அன்று தொடங்கியது பழக்கம். அவள் சொன்னதும், சாவிக்காரர் நடுவில் புகுந்து திருத்தியதும், அவள் சொல்ல வந்து விழுங்கியதுமாகச் சேர்ந்ததுதான் இந்தக் கதை.

அந்தத் தெருவில் பைக்கு, ஜாக்கெட்டுக்கு, பெட்டிக்கு என்று எதற்கு ஜிப் போனாலும் அவளிடம்தான் வருவார்கள். அறுந்த ஜிப்பைக் கண்டால் அவளுக்குக் கை அரிக்கும். பஸ்ஸில் முன்னால் நிற்கிற முன்பின் தெரியாதவரின் பையைக்கூட இழுத்துப் பிடித்து, "இறங்கினதும் கடைக்கு வாங்க" என்பாள். அதனால் ஜிப்பு அக்கா.

அவள் புருஷனைத் தெரு சார்ஜண்ட் என்று கூப்பிட்டது. பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். பாதையில் புதைத்திருந்த கண்ணிவெடி ஒன்று லாரியின் முன் சக்கரத்தையும் அவருடைய இடது காலையும் ஒன்றாகக் கொண்டுபோனது. முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். பிறகு வந்து சேர்ந்தது சர்க்கரை. அது மிச்சமிருந்த வலது காலில் உணர்ச்சியைத் தின்றது. முள் குத்தினாலும் தெரியாது, தணல் பட்டாலும் தெரியாது.

அந்த நாளில் வைத்தியம் என்றால் ஊரின் மறுகோடியில் இருந்த படைவீரர் ஆஸ்பத்திரிதான். இரண்டு பஸ் மாற வேண்டும். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் டாக்டர் முகம் தெரியும். "எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்பார். சார்ஜண்ட் பொய்க்காலைத் தரையில் தட்டி விறைப்பாக எழுந்து நிற்பார். "எல்லாம் ஓகே, சார்!" அவ்வளவுதான். காய்ச்சல் கொதித்தாலும் எல்லாம் ஓகே சார்தான். அதே மாத்திரையை அதே சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

ஒரே ஒருமுறை ஒரு டாக்டர் நிமிர்ந்து பார்த்து அக்காவிடம் சொன்னார்: "அம்மா, இருக்கறது ஒரு கால். அதைக் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கங்க. ஒரு சின்னப் புண்ணு போதும்."

அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் கடை அடைத்து வந்ததும் முக்காலியைப் போட்டு உட்காருவாள். அவர் காலை மடியில் வைப்பாள். சுவரில் ஆணியில் தொங்கும் கைக்கண்ணாடியை எடுத்து உள்ளங்காலுக்கு அடியில் பிடிப்பாள். விரல் இடுக்கு, குதிகால், நகக்கண் எல்லாம் பார்த்து, துடைத்து, எண்ணெய் தடவுவாள். அந்த நேரத்தில் இருவரும் பேசிக்கொள்வது குறைவு. அவர் செய்தித்தாள் படிப்பார். "ம், அந்தக் கால்" என்பாள், விளையாட்டுக்கு. "அந்தக் கால் சர்க்கார்கிட்ட இருக்கு, போய்க் கேளு" என்பார். வருஷக்கணக்காக அதே கேலி, அதே பதில். அவர்கள் தாம்பத்தியத்தில் பேச்சு என்று இருந்தது ஏறக்குறைய அவ்வளவுதான்.

வெடி வெடித்த அன்று என்ன நடந்தது என்று, அவர் கால் போய் வீட்டுக்கு வந்த புதிதில் ஒருமுறை கேட்டிருக்கிறாள். "அது ஆச்சு" என்றார். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

அப்புறம் வந்தது புதுத் திட்டம். முன்னாள் படைவீரர்கள் இனிமேல் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், ஆஸ்பத்திரியே வீட்டுக்கு வரும் என்றார்கள். சொன்னபடி வந்தும் விட்டது, ஒரு ஸ்கூட்டரில், வெளிர்நீல உடுப்பில், சிஸ்டர் உருவத்தில். வியாழக்கிழமைதோறும் வருவாள். சர்க்கரை பார்ப்பாள், ரத்த அழுத்தம் பார்ப்பாள், காலைப் பார்ப்பாள். கையிலிருந்த டேப்லெட்டில் ஒரு தட்டு தட்டினால் பெரிய டாக்டர் முகம் வரும். சர்க்கரைக் காலுக்கென்றே செய்த மெத்தென்ற ஷூ ஒன்றும் திட்டத்தில் கொடுத்தார்கள். ஒற்றைக் காலுக்கு எதற்கு ஜோடி என்று சார்ஜண்ட் கேட்க, "பொய்க்காலுக்கும் மரியாதை வேணாமா சார்?" என்றாள் சிஸ்டர்.

சார்ஜண்ட் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். சமையலறையில் நின்ற அக்காவுக்கு அந்தச் சிரிப்பு புதுசாக இருந்தது. வீட்டில் இத்தனை காலம் ஒளித்து வைத்திருந்த ஏதோ பாத்திரத்தை விருந்தாளிக்காக வெளியே எடுத்த மாதிரி.

அவளுக்கு முதலில் கண்ணில் பட்டது சிஸ்டரின் மருந்துப் பை. அதன் ஜிப் பல் இளித்துக்கொண்டு, ஒரு ஊக்கின் தயவில் நின்றது. கை அரித்தது. "குடுங்க, நாளைக்குத் தெச்சுத் தர்றேன்" என்று நாக்கு நுனி வரை வந்தது. அப்போதுதான் உள்ளே சிஸ்டர் கேட்டாள்: "சார், அன்னைக்கு என்னதான் ஆச்சு? சொல்லலாம்னா சொல்லுங்க."

சார்ஜண்ட் சொன்னார்.

அக்கா ஒருமுறை கேட்டு வாயை மூடிக்கொண்ட அதே கேள்விக்கு, நேற்று வந்தவளிடம் தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னார். வெடித்தது, புழுதி, காது அடைத்தது. ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது அவர் கத்தினாராம்: "என் பூட்ஸ் எங்கே? ஒத்தை பூட்ஸைக் கொண்டுபோய்க் குடுத்தா ஸ்டோர்ல வாங்க மாட்டானே!" சொல்லிவிட்டு ஒரு நிறுத்து நிறுத்தி, "கால் போனது அப்புறம்தான் தெரிஞ்சுது" என்றார். சிஸ்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அக்கா அடுப்பை அணைத்தாள். அடுப்பு அணைந்தது, வயிறு எரிய ஆரம்பித்தது. ஊக்கோடு வந்த பை ஊக்கோடே திரும்பிப் போனது.

அன்று சாயங்காலம் அவள் முக்காலியைப் போடவில்லை. கண்ணாடி ஆணியிலேயே தொங்கியது. அவர் காலை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"என்ன, இன்னைக்கு?"

"அதான் உங்க சிஸ்டர் பாக்கறாங்களே. படிச்சவங்க. நான் என்னத்தைக் கண்டேன்."

ஏன் என்று கேட்பார், கோபப்படுவார், "நீ பாத்தாதான்" என்பார் என்று அவள் கொஞ்சம் எதிர்பார்த்தாள். அவர் காலை மடக்கிக்கொண்டு செய்தித்தாளைத் திருப்பினார். பட்டாளத்துக்காரர், உத்தரவு மாறினால் காரணம் கேட்டுப் பழக்கமில்லை. அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். வேண்டாத பெண்டாட்டி கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் என்று தனக்குத்தானே சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

சாவிக்காரருக்கு வேடிக்கைக்கு ஆள் கிடைத்தது.

"என்னம்மா ஜிப்பு, வீட்டுல புருஷனை சிஸ்டர்கிட்ட விட்டுட்டு இங்க வந்து காஜா எடுத்துட்டு இருக்கே?"

"ஏன்ணே, உங்க வீட்டுக்காரி உங்களைப் பூட்டி வெச்சிருக்காளா?"

"நானே பூட்டுக்காரன், என்னைப் பூட்ட முடியுமா?"

"அதான் யாரும் திறந்துகூடப் பாக்கல."

வாய் விளையாடியது. ஊசி விரலில் ஏறியது.

புதன்கிழமைகளில் ஏதோ நடக்கிறது என்பதை அவள் சீக்கிரமே கவனித்தாள். செவ்வாய் வரை கேக்கும் பிஸ்கட்டும் டீயில் மூன்று கரண்டிச் சர்க்கரையுமாக இருக்கிற மனிதர், புதன் விடிந்தால் வெள்ளரிக்காயும் தண்ணீருமாக இருந்தார். வியாழன் காலையில் மழுமழுவென்று சவரம். காலில் பவுடர். டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு புது வெள்ளை சாக்ஸ். கட்டிலுக்கு அடியில் டப்பாவிலிருந்து திட்டத்தில் கொடுத்த அந்த மெத்தென்ற ஷூ, துடைத்துப் பளபளவென்று. சிஸ்டர் போனதும் ஷூ டப்பாவுக்குள் போய்விடும். மற்ற நாளெல்லாம் காலில் அதே பழைய முரட்டு பூட்ஸ்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. கல்யாணமான புதிதில் பட்டாளக் குடியிருப்பில் இருந்தபோது பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு சிப்பாயிடமும் எல்லாம் இரண்டிரண்டு இருக்கும். ஒரு குவளை குடிக்க, இன்னொன்று அதிகாரி வந்து பார்க்கும் நாளில் கட்டிலில் எடுத்து வைக்க. பார்வைக்கு வைக்கும் குவளையில் ஆயுசுக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். பல் தேய்க்கும் பிரஷ்கூட அப்படித்தான். "இதென்ன கூத்து?" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்த காலம் ஒன்று உண்டு. சார்ஜண்டுக்கு வியாழக்கிழமை என்பது வைத்தியம் அல்ல. இன்ஸ்பெக்‌ஷன். பாஸாக வேண்டும், அவ்வளவுதான்.

பாஸானார். "சார், நம்ம திட்டத்துலயே நீங்கதான் முதல் ரேங்க்!" என்றாள் சிஸ்டர். டேப்லெட்டில் பெரிய டாக்டரும் கட்டை விரலை உயர்த்தினார். சார்ஜண்டின் மார்பு ஒரு சுற்று பெருத்தது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஷூவின் அடிப்பாகத்தைத் திருப்பிக் காட்டினாலே போதும். புதுத் துணிபோல ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அக்கா சொல்லவில்லை. படித்தவள்தானே, கண்டுபிடிக்கட்டும். அந்த மௌனம் அவளுக்கு வாயில் அடக்கிய மிட்டாய் மாதிரி இனித்தது. சிஸ்டர் ஒவ்வொரு முறை பாராட்டும்போதும் அதைக் கன்னத்தில் ஒதுக்கி இன்னும் கொஞ்சம் சப்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க உட்கார்ந்தாள். சாம்பல் நிற சாக்ஸ், தினமும் போடுவது. உள்பக்கம் திருப்பினாள். சுண்டு விரலுக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறை. துருப்பிடித்த நிறம், ஓரத்தில் மஞ்சள். துணியில் எண்ணெய்க் கறை எது, டீக் கறை எது, மை எது என்று கையால் தடவியே சொல்கிறவளுக்கு இதை முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் முகர்ந்தாள். வாயிலிருந்த மிட்டாய் அப்படியே கசந்தது.

ஈரக் கையோடு உள்ளே ஓடினாள்.

"காலைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்கன்னா காட்டுங்களேன்."

அவர் காலைக் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. "வியாழக்கிழமை சிஸ்டர் பாப்பாங்க."

"அதுவரைக்கும் தாங்காதுங்க."

"நீதானே சொன்னே, படிச்சவங்க பாக்கறாங்கன்னு? அவங்களே பாக்கட்டும். நாலு நாள்ல காஞ்சிடும். பவுடர் போட்டிருக்கேன்."

அவள் வார்த்தையையே அவள் மடியில் திருப்பிப் போட்டுவிட்டார். கொடுத்த அடி திரும்பி வரும்போதுதான் அதன் கனம் தெரியும். அவள் கண் அவருடைய பொய்க்காலுக்குப் போனது. சுவரில் சாய்ந்து, பட்டையெல்லாம் தொங்க, அது தனக்கு ஒரு ஜோடி வரப் போகிறது என்று காத்திருப்பது போல இருந்தது.

சிஸ்டரின் எண் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. அவசரத்துக்கு எந்த நேரமும் கூப்பிடலாம் என்று அவளே ஒட்டியது. இத்தனை மாதத்தில் அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. வாசலுக்குப் போய் நின்று அழுத்தினாள்.

"சிஸ்டர், நான் சார்ஜண்ட் வீட்டுல பேசறேன்."

"சொல்லுங்கக்கா. சாருக்கு என்ன?"

மூச்சு விடாமல் கொட்டினாள். புதன்கிழமைப் பட்டினி, டப்பாவில் தூங்கும் ஷூ, முரட்டு பூட்ஸ், சாக்ஸில் இருந்த கறை.

"இதெல்லாம் உங்களுக்கு எப்பலேர்ந்துக்கா தெரியும்?"

"முதல்லேர்ந்தே."

"ஏன்கா சொல்லல?"

பொய் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. அவளுக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

"உங்களைப் பிடிக்கல. அதான்."

சிஸ்டரின் குரல் பூட்டில் சாவி திரும்பின மாதிரி நறுக்கென்று வந்தது: "சரிக்கா. பிடிக்காமலே இருங்க. நான் வர்ற வரைக்கும் அவரை நடக்க மட்டும் விடாதீங்க."

விடுமுறை நாள் உடுப்பிலேயே வந்து இறங்கினாள். சார்ஜண்ட் அவளைக் கண்டதும் சாக்ஸைத் தேடினார். அக்கா கண்ணாடியை ஆணியிலிருந்து எடுத்து உள்ளங்காலுக்கு அடியில் பிடித்தாள். சிஸ்டர் கண்ணாடியில் பார்த்தாள். பொத்தான் அளவு என்று நினைத்தது உள்ளே பள்ளமாக இறங்கியிருந்தது. டேப்லெட்டில் பெரிய டாக்டர் முகம் வந்தது. இந்தத் தடவை கட்டை விரல் உயரவில்லை. மத்தியானத்துக்குள் ஆம்புலன்ஸ்.

இரண்டு விரலை எடுத்தார்கள். சுண்டு விரலும் அதற்குப் பக்கத்து விரலும். இந்த வாரம் விட்டிருந்தால் காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர், அக்காவைப் பார்த்து அல்ல, சிஸ்டரைப் பார்த்து. "நல்ல வேளை, நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க." அந்த நிலையிலும் அக்காவுக்குச் சுருக்கென்றது. கண்டுபிடித்தது யார், பேர் யாருக்கு!

சார்ஜண்ட் அவளோடு பேசவில்லை. "காட்டிக் குடுத்துட்டே" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னதோடு சரி. சிஸ்டர் வந்தால் மட்டும் முகம் மலரும். "நான் ஓகே, சிஸ்டர்!" அக்கா கட்டிலின் கால்மாட்டில் ஆரஞ்சை உரித்து உரித்து நாரைக் கிள்ளிக்கொண்டு இருந்தாள். அந்த நாருக்குத் தெரியும் அவள் மனது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பக்கத்துக் கட்டில்காரர் கேட்டார்: "அந்தக் கால் எப்படிங்க போச்சு?"

சார்ஜண்ட் சொன்னார். வெடித்தது, புழுதி, காது அடைத்தது. "என் பூட்ஸ் எங்கே? ஒத்தை பூட்ஸைக் கொண்டுபோய்க் குடுத்தா ஸ்டோர்ல வாங்க மாட்டானே!" ஒரு நிறுத்து. "கால் போனது அப்புறம்தான் தெரிஞ்சுது."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அக்காவின் கை ஆரஞ்சின் மேல் நின்றுவிட்டது. அதே வார்த்தைகள். அதே இடத்தில் அதே நிறுத்தம். அன்று சமையலறையில் நின்று கேட்டதற்கும் இதற்கும் ஒரு இழை வித்தியாசம் இல்லை. மடித்து, இஸ்திரி போட்டு, கேட்கிறவர்களுக்கு எடுத்து வைக்கிற கதை. பார்வைக்கு வைக்கும் குவளை.

இத்தனை மாதமாக எந்தக் குவளையைப் பார்த்து அவள் வெந்து செத்தாளோ, அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் முக்காலியைப் போட்டாள். அவர் காலை நீட்டினார். கட்டுப் போட்ட இடத்தை விட்டு மற்ற இடமெல்லாம் கண்ணாடியில் பார்த்தாள், துடைத்தாள். செய்தித்தாள் மடித்தபடியே கிடந்தது. கால் அவள் மடியில் லேசாக நடுங்கியது.

"அன்னைக்கு நான் பூட்ஸை ஒண்ணும் கேக்கல" என்றார், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"பின்னே என்ன கேட்டீங்க?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் மறுபடி கேட்கவில்லை. விரல் போன இடத்துக்குப் பக்கத்தில் கையை வைத்தபடி, நடுக்கம் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தாள். அந்தச் சொல்லாத பேச்சு வேறு யாருக்கும் கிடைக்காது என்பதில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. இதைச் சொல்லும்போது கடையில் அவள் முகத்தில் அது அப்படியே தெரிந்தது.

"அப்ப சிஸ்டர் மேல பொறாமை போயிடுச்சா?" என்று சாவிக்காரர் கேட்டார்.

"ஏன் போகணும்? அது பாட்டுக்கு இருக்கு. அதுக்கென்ன சாப்பாடா போடறேன்?"

திட்டத்தில் ஒரு மாற்றம் வந்தது. சிஸ்டர் கேட்டு, பெரிய டாக்டர் ஒத்துக்கொண்டு, இப்போது வீட்டு வருகைக்குக் கிழமை கிடையாது. என்று வருவது என்பதை வீட்டில் இருக்கிற ஒருவரும் சிஸ்டரும் மட்டும் பேசி வைத்துக்கொள்வார்கள். பட்டாளத்துக்காரர்கள் பல வீடுகளில் இதே வித்தையைச் செய்துகொண்டிருந்தது அதற்குப் பிறகுதான் தெரிய வந்ததாம். சார்ஜண்டுக்கு இதில் ஏக வருத்தம். "என் வீட்டுக்கு யாரு எப்ப வர்றாங்கன்னு எனக்கே தெரியாது. ரெண்டு பொம்பளைங்களும் போன்ல குசுகுசுன்னு என்னதான் பேசறீங்க?" என்று முகத்தைத் தூக்கிக்கொள்வார். புகை இப்போது அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது.

சிஸ்டரின் பைக்கும் ஒருவழியாக ஜிப் மாறியது. கருநீலப் பைக்குப் பளீர்ச் சிவப்பில் ஜிப். "கடையில இருந்த நிறம் அதுதான்" என்றாள் அக்கா. அவள் தலைக்கு மேலே பலகையில் கருநீலத்தில் ஒரு கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டர் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்குக்கா" என்று வாங்கிக்கொண்டாள்.

ஜிப்பு அக்கா இன்றைக்கும் அதே கடையில்தான் இருக்கிறாள். பஸ் நிறுத்தத்தில் கூட்டம் குறைகிற நேரத்தில் ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போவாள். முக்காலி, கண்ணாடி, எண்ணெய். சார்ஜண்ட் ஊன்றுகோலோடு தெருமுனை வரை நடக்கிறார். திட்டத்தில் கொடுத்த ஷூவைத் தினமும் போடுகிறார். அதன் வலது குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டது. புதிதுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் வரவில்லை.